திருப்பிப் போட்ட மலை

ஜனவரி 19, ஞாயிறு

கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் வெந்நீர் போடுவேன்.

இன்று ஏழுசுனை மலைக்குப் பதினோரு பேர். காஞ்சிபுரத்திலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒரு காடும் பள்ளமும் இருப்பது போன வருஷம்வரை எனக்குத் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, முப்பத்தொன்பது வயதுவரை கோயில் பிரகாரத்தைத் தவிர வேறெங்கும் நடந்ததில்லை. இப்போது மாதம் இரண்டு ஞாயிறு மலை. வீட்டில் யாராவது முணுமுணுத்தால் காதில் வாங்குவதில்லை.

அடிவாரத்தில் புதர்க்காடு. அப்புறம் பாதியில் விட்டுப்போன பல்லவர் குடைவரை. இரண்டு தூண் செதுக்கியிருக்கிறார்கள், மூன்றாவது இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் இரட்டைப் பாறை. பாதை அங்கேதான் பிரிகிறது. வலது பக்கம் போனால் சமணர் படுக்கையும் உச்சியும். இடது பக்கம் போனால் ஆனைப்பள்ளம். ஆடு மேய்ப்பவர்கள் மட்டும் இறங்குகிற இடம். நூறு அடி போனதும் பாதையே இருக்காது, வழுக்குப் பாறைதான்.

இரட்டைப் பாறையில் வரதராஜன் சார் (கூரத்தில் விதைக்கடை வைத்திருக்கிறார், எங்கள் நடைக்கூட்டத்துக்கு அவர்தான் தலை) "ரைட்ல போங்க" என்றார். காந்தாக்கா நின்றுவிட்டார். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கையால் காற்றில் சோறு பிசைந்து பார்த்தார். "இதான் சோத்தாங்கை" என்று சொல்லிக்கொண்டு வலது பக்கம் திரும்பினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க்கா, அறுபது வயசாவுது, இன்னும் சோறு பெசஞ்சாதான் வலது எதுன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியும்டி. கைக்குத் தெரியணும்ல."

முசரவாக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இவரிடம் படித்த பிள்ளைகள் எந்தப் பக்கம் திரும்பினார்களோ!

இறங்கும்போது வரதராஜன் சார் என்னிடம் கேட்டார். "சேலைக்குப் படம் போடறீங்களேம்மா, மலைக்கு ஒண்ணு போட்டுத் தாங்களேன். பலகை வெக்க அனுமதி வாங்கிட்டேன்." உடனே சரி என்றேன். இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 23, வியாழன்

இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் முடித்தேன். மலைப் படம் ஒன்று. சபாபதி பெரியப்பாவுக்கு முந்தானைப் படம் ஒன்று: வரிசையாக ஐந்து அன்னம், எல்லாம் வலது பக்கம் பார்த்து நடக்க வேண்டும். சேலை கேட்டவர்கள் தங்கள் மாமியார் சேலையின் போட்டோ கொடுத்திருக்கிறார்கள். அதில் அப்படித்தான் இருக்கிறது, இம்மியும் மாறக்கூடாதாம்.

என் வேலையைப் பற்றி வரதராஜன் சாருக்குப் போனில் விளக்கி விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மனுஷனுக்குப் புரியவே இல்லை. பெரியப்பா தறியில் சேலையின் நேர்ப்பக்கம் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது புறப்பக்கம். அதனால் எந்தப் படத்தையும் கடைசியில் இடம் வலமாகத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். சேலையில் வலது பார்க்கிற அன்னம் வேண்டுமென்றால், படத்தில் இடது பார்க்கிற அன்னம். இவ்வளவுதான். "அப்ப உங்களுக்குக் குழம்பாதாம்மா?" என்றார். பதினாறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு நேரும் புறமும் ஒன்றாகிவிட்டது. எப்படிக் காட்டினாலும் சரியாகத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் லோகேஷ் தன் கல்லூரி ஆபீஸில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. லோகேஷ் ஏனாத்தூர் கல்லூரிக்குக் கிளம்பி, வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு "கலை, குடுக்கறியா இல்லயா?" என்று கத்துகிறார். கடைசியில் ஒன்றைத் திருப்பி, ஒன்றை அப்படியே விட்டு, பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தேன். ஒன்று தறிக்கான துளை அட்டை அடிக்கிற கடைக்கு, ஒன்று பலகை அச்சடிக்கிற கடைக்கு.

ஜனவரி 25, சனி

மலைப் படத்தில் கோடு மட்டும்தான் கொடுத்திருந்தேன். அச்சுக்கடைக்காரர் காகிதத்தில் எடுத்துக் கொண்டுவந்தார். குடைவரை, இரட்டைப் பாறை, சமணர் படுக்கை, ஆனைப்பள்ளம் என்று எந்தக் கோடு எது என்பதைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பலகை வைத்தாயிற்று! அடிவாரத்தில் பெரியது, இரட்டைப் பாறையில் சின்னது. கீழே சிறிய எழுத்தில் 'படம்: லோ. கலைவாணி'. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வரதராஜன் சார் மட்டும் நான்கு விதமாக நின்று எடுத்தார்.

காந்தாக்கா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எவ்ளோ பாத்தாலும் சரி, நீங்க தனியா வந்தீங்கன்னா பெங்களூர்லதான் போய் நிப்பீங்க" என்றேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

"அதான் நீ படம் போட்டுக்கிறியே. ஒருநாள் இதப் பாத்துக்கினே நானே மேல ஏறி, படுக்கைல உக்காந்து உனக்கு போட்டோ அனுப்பறேன். அப்ப பேசு."

"பாக்கலாம், பாக்கலாம்."

பிப்ரவரி 6, வியாழன்

தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் அனுப்புகிற காந்தாக்கா நான்கு நாளாக அனுப்பவில்லை. கோபமா? இருக்காது.

பிப்ரவரி 12, புதன்

சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரேம்நாத் போன் செய்தான். காந்தாக்காவின் மகன், ஏசி மெக்கானிக்.

"அக்கா, அம்மா உங்ககூட இருக்காங்களா?"

இல்லை என்றேன். பக்கத்து வீட்டில் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பியிருக்கிறார். வண்டி அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறதாம். போன் போகவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்து நாற்பதுக்கு எனக்கு ஒரு போட்டோ வந்திருந்தது. இரட்டைப் பாறைப் பலகையின் படம். கூடவே குரல்: "கலை, பலகைகிட்ட நிக்கறேன். சோறு பெசஞ்சும் பாத்துட்டேன். கரெக்டா போறேன், பாத்துக்கினே இரு." நான் அப்போது வேலையில் இருந்தேன். 'ரைட்டு' என்று ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு மறந்தேபோனேன். அதற்கப்புறம் போட்டோ வரவில்லை என்பதுகூடத் தோன்றவில்லை.

போட்டோவைப் பிரேம்நாத்துக்கு விவரமாகச் சொன்னேன். "மேலதாம்பா இருப்பாங்க. பலகய நல்லா பாத்துட்டுத்தான் போயிருக்காங்க. படுக்கைகிட்ட கால் மடங்கி உக்காந்துக்கினு இருப்பாங்க."

"பள்ளத்துப் பக்கம் போயிருப்பாங்களாக்கா?"

"இல்லப்பா. என் படம் தப்பாவாது."

லோகேஷும் தேடப் போயிருக்கிறார். வனத்துறைக்காரர்கள், வரதராஜன் சார், கீழூர் ஆட்கள் நான்கு பேர். எல்லோரும் உச்சிக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். உச்சிக்குப் பின்னால் இருக்கிற சரிவிலும் தேடினார்கள். இருட்டிவிட்டதால் இறங்கிவிட்டார்களாம்.

குளிரில் அந்த அம்மா... ஸ்வெட்டர்கூட எடுத்துப் போயிருக்க மாட்டார். என்னைத் தோற்கடிப்பதற்காகப் போனவர்.

பிப்ரவரி 13, வியாழன், காலை

ஆறு மணி. கிடைக்கவில்லை. விடிந்ததும் மறுபடி உச்சிக்குத்தான் போகிறார்கள். நான் சொன்னதால்.

பிப்ரவரி 13, மாலை

எழுதத்தான் வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு மணிக்குச் சபாபதி பெரியப்பாவிடமிருந்து போன். காந்தாக்கா விஷயம் அவருக்குத் தெரியாது. குரலில் எரிச்சல். "என்னாம்மா கலை, முந்தானை ஒரு சாண் ஏறிடுச்சு, அடியில கண்ணாடி புடிச்சுப் பாத்தேன். அன்னம் அஞ்சும் இடது பக்கம் பாத்துக்கினு நிக்குது. போட்டோல வலதுல்ல பாக்குது?"

நெய்கிறவர்கள் தறிக்கு அடியில் கண்ணாடியை நீட்டி, கண்ணாடி மாற்றிக் காட்டுவதையும் கணக்கில் வைத்து, நேர்ப்பக்கத்தைச் சரிபார்ப்பார்கள். எனக்கு அன்னத்தைப் பற்றிப் பேசுகிற நிலைமை இல்லை. "நா திருப்பித்தான் குடுத்தேன் பெரிப்பா" என்றேன்.

"திருப்பலம்மா."

"அன்னிக்கு என் கையால திருப்பினேன் பெரிப்பா. நல்லா ஞாபகம் இருக்குது."

"அப்ப எதத் திருப்பின?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. நிஜமாகவே. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தையும் ஏறவில்லை. போனை வைக்காமலேயே காந்தாக்கா அனுப்பிய போட்டோவைத் திறந்தேன். நேற்றிலிருந்து பத்துத் தடவை பார்த்த போட்டோ. அதில் என் படம், என் பெயர். சமணர் படுக்கை எந்தப் பக்கம் இருக்கிறது? நானும் கையை நீட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இடது பக்கம்.

ஐயோ. மலையை முழுசா திருப்பி வெச்சிருக்கேன். அன்னத்தத் திருப்பறதுக்கு பதிலா மலயத் திருப்பிட்டேன். அதுக்கு மேல என் கையாலயே பேரும் எழுதிக் குடுத்தேன், தெரியலயே எனக்கு, தெரியவே இல்லயே! பத்துப் பேர் பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, ஒருத்தரும் படத்தப் பாக்கல. பாத்த ஒரே ஆளு காந்தாக்கா. அந்தம்மா கரெக்டா பாத்து, கரெக்டா கை பிசைஞ்சு, நா சொன்ன பக்கமே போயிருக்காங்க. நானும் 'ரைட்டு'ன்னு அனுப்பிருக்கேன்.

பிரேம்நாத்துக்குப் போட்டேன். எடுத்ததும் கத்தினேன். "மேல இல்லப்பா! பள்ளம்! ஆனைப்பள்ளம்! பீச்சாங்கைப் பக்கம் எறங்குங்க!" ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேரும்போது மணி எட்டே முக்கால். தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள், வேட்டியில் தூளி கட்டி. வழுக்குப் பாறையில் சறுக்கி வலது கணுக்கால் உடைந்திருக்கிறது. போன் பாறை இடுக்கில் விழுந்து நொறுங்கிவிட்டது. குட்டையில் கொஞ்சம் தண்ணீர் இருந்ததால் பிழைத்தார். முந்தானையைக் கிழித்துப் புதரில் கட்டி வைத்திருந்தாராம், யாராவது பார்ப்பார்கள் என்று. உதடெல்லாம் வெடித்து, முகம் இவ்வளவாகச் சுருங்கி... கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினார்.

"கலை, நா எங்க மாத்திப்புட்டேன்?"

அவர் காலடியில் நழுவிய வேட்டியை இழுத்துச் சரிசெய்தேன். பிரேம்நாத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்கா, நீங்க மட்டும் சொல்லலன்னா... எப்டிக்கா தெரிஞ்சுது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் இருந்தார்கள். பலகை பத்தடி தூரத்தில் இருந்தது. நான் சொன்னது இது:

"உங்கம்மாவுக்குத்தான் இடது வலது தெரியாதேப்பா. அதான், மாத்திப் போயிருப்பாங்கன்னு தோணுச்சு."

பிப்ரவரி 14, வெள்ளி

நானா சொன்னேன்? என் வாயா?

பிப்ரவரி 16, ஞாயிறு

பாதையை மூடியிருக்கிறார்கள், அடுத்த ஞாயிறு திறப்பார்கள். நடைக்குப் பதிலாக எல்லோரும் வரதராஜன் சார் கடையில் கூடினோம். எனக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அடக்கமானவள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சோறு பிசைந்து காட்டினார்கள். இந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவள் நான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் காந்தாக்காவைப் பார்த்தேன். காலில் தகடு வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஊன்றக்கூடாது.

வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. திருஷ்டிக்கு என்று நினைத்தேன். "பிரேமு கட்டிவுட்டான், இதான் வலதுன்னு" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அந்தப் பலகை முன்னாடி மூணு வாட்டி கை பெசஞ்சு பாத்தேன் கலை. மூணு வாட்டியும் பீச்சாங்கைப் பக்கம்னுதான் வந்துச்சு. அப்டி எப்டி எனக்கு மாறும்? புள்ளைங்களுக்கு இருவத்தாறு வருசம் அப்டிதான சொல்லிக் குடுத்தேன். அந்தப் பழக்கம்தான் எனக்கும் ஒட்டிக்கிச்சு. தெரியாம பெசையல."

நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சுளைகூட அவர் கையில் கொடுக்கவில்லை. எல்லாம் என் விரலிலேயே நசுங்கிப்போயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

லோகேஷிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "அந்தம்மாதான் பொழச்சுட்டாங்களே. பலகைய நானே ராவோட ராவா கழட்டிக்கினு வந்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றார். என் மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொல்கிறார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. காந்தாக்காவின் போன் போட்டோவோடு போய்விட்டது. மற்றவர்கள் எடுத்த போட்டோவில் யாரும் பலகையைப் பார்க்கப்போவதில்லை, என் போனில் இருக்கிற ஒன்றுதான் சாட்சி. அதை அழித்துவிட்டால் என் படம் எந்தப் பக்கம் பார்த்தது என்று எனக்கும் லோகேஷுக்கும்தான் தெரியும்.

அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தேன். வைத்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

பிறகு வரதராஜன் சார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் முப்பது பேர் வருகிறார்களாம். "நா எதுக்கும்மா கூட போவணும், அதான் உங்க பலகை இருக்குதே."

பிப்ரவரி 22, சனி

முசரவாக்கம் போனேன். பிரேம்நாத் வேலைக்குப் போயிருந்தான். காந்தாக்கா கட்டிலில், காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு.

போட்டோவைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்னம், திருப்பியது, கண்ணாடி, பெரியப்பா கேட்டது. மலையடிவாரத்தில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கி, சிவப்புக் கயிறு கட்டிய கையை மெதுவாகத் தூக்கி, சோறு பிசைந்து பார்த்தார். அப்புறம் இன்னொரு கையைப் பார்த்தார்.

"பீச்சாங்கைதான் போட்டுக்குது" என்றார்.

"ஆமாங்க்கா."

"அப்ப நா மாத்தல."

"நீங்க மாத்தவே இல்லக்கா."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாசலில் மாடு ஒன்று தொட்டியில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மூணு நாளைக்கு முன்னாடி என் புள்ள எனக்குத் தலைல ஸ்கேன் எடுத்தான் கலை. அம்மாவுக்கு மறதி வியாதி ஆரம்பிக்குதோன்னு. டாக்டரு என்னாண்ட, இன்னிக்கு என்ன கிழமை, நூறுலேந்து ஏழு ஏழா கழிங்கன்றாரு. நா சொல்லிட்டேன். ஆனா சொல்லும்போதே பயம், இதும் தப்பாயிருக்குமோன்னு. வண்டி சாவிய எடுத்து வெச்சுட்டான். வீட்ல கேஸ் அடுப்ப நா தொடக்கூடாதாம்."

இது எனக்குத் தெரியாது. கால் ஒடிந்தது மட்டும்தான் என் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பள்ளத்துல கெடந்தன்னிக்குக் கூட எனக்கு இவ்ளோ பயமில்ல. கத்துனா யாராச்சும் வருவாங்கன்னு இருந்தேன். வந்தப்பறம்தான்... என்ன நானே நம்ப முடியாமப் போச்சே. நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவர் காலைத் தொடக் குனிந்தேன். நல்ல காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"போய்டு கலை. இப்ப போய்டு."

பிப்ரவரி 23, ஞாயிறு

அடிவாரத்தில், பிள்ளைகள் முப்பது பேருக்கும் முன்னால், பலகைக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். பிரேம்நாத்தையும் வரச் சொல்லியிருந்தேன். என்னை முழுசாகக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வரதராஜன் சார் தன் போனை எடுத்து, அந்த நான்கு போட்டோவையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாலுலயும் பலகை தெளிவா இருக்குதும்மா. நா என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்திருக்கேன்."

இரண்டு பலகையையும் நானே திருகாணியைக் கழற்றி இறக்கினேன். கையில் கீறல்.

மார்ச் 9, ஞாயிறு

பெரியப்பா தப்பு முந்தானையை அறுத்துவிட்டு மறுபடி நெய்கிறார். கூடவே உட்கார்ந்து கண்ணாடி பிடித்தேன். அன்னம் இந்தத் தடவை வலது பக்கம். எனக்கு நிச்சயமில்லை, அவர்தான் சொன்னார். இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும் எது நேர் என்று ஒரு நிமிஷம் மூச்சு நின்றுபோகிறது.

காந்தாக்காவுக்குத் தினமும் காலையில் வணக்கம் அனுப்புகிறேன். பார்த்ததற்கு நீலக்கோடு விழுகிறது. பதில் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

நீலக்கோடு.

ஏப்ரல் 5, சனி

போன். அவரேதான். ஹலோகூடச் சொல்லவில்லை.

"மலைக்குப் புதுசா படம் போட்டியா?"

"இல்லக்கா. எனக்கு பயமாகீது."

"போடு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு. நா பாக்காம போவக்கூடாது."

"சரிக்கா." வைத்துவிட்டார்.

ஏப்ரல் 19, சனி

அச்சுக்கடைக்கே வந்துவிட்டார், ஊன்றுகோலோடு. பிரேம்நாத்தான் கொண்டுவந்து விட்டான். என்னிடம் "வணக்கம்" என்று மட்டும் சொன்னான். முன்பு அக்கா என்பான்.

படத்தை மேஜைமேல் விரித்தேன். ஒவ்வொரு இடத்திலும் நின்று நிதானமாகக் கையைத் தூக்கிப் பார்த்தார். குடைவரை. இரட்டைப் பாறை. கடைக்காரர் சிரித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

"ம். போடச் சொல்லு" என்றார் காந்தாக்கா. வலது மணிக்கட்டில் கயிறு இல்லை. வண்டி சாவி திரும்பக் கிடைத்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மேஜைமேல் அவர் கைப்பை பக்கத்தில் அது கிடந்தது.

ஜூன் 8, ஞாயிறு

புதுப் பலகை வைத்தார்கள். கீழே என் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: 'சரிபார்த்தவர்: காந்தா டீச்சர், முசரவாக்கம்'. அவர் வரவில்லை. கால் இன்னும் ஏறுகிற அளவுக்கு இல்லையாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

சுனை நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒன்பது பேர் போனோம். அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் தெரிந்த வண்டி ஒன்று நின்றது. தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் குச்சி, தூக்குச்சட்டியில் எலுமிச்சைச் சோறு. எல்லோரிடமும் பேசினார். என்னிடம் "ம்" என்றார்.

இரட்டைப் பாறைவரை நான்தான் முன்னால் நடந்தேன், ஏனோ. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் நடந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அங்கே போனதும் நின்றுவிட்டேன். ஐம்பது தடவை நடந்த பாதை. பலகை என் கண் முன்னால் இருக்கிறது. இருந்தும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. பின்னால் ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு வியர்த்துக்கொட்டுகிறது.

என் கை தானாக மேலே வந்தது. விரல்கள் காற்றில் சோறு பிசைந்தன.

பின்னாலிருந்து ஒரு சத்தம். காந்தாக்கா வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்த முடியாமல், குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஆறு மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

"கைக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுக்கா."

"அப்ப போடி."